இடது கையின் பழக்கம்

கியர் வண்டி பழகத் தொடங்கிய நான்காம் நாள். திருச்சி புறவழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. நானும் நிறுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பதினோரு ஆண்டுகள் ஸ்கூட்டி ஓட்டிய என் இடது கை, கைப்பிடிக்கு முன்னால் இருந்த லீவரை முழு பலத்தோடு இழுத்துப் பிடித்தது. வண்டி நிற்கவில்லை. பிடிப்பு விட்டதுபோல் லேசாகி முன்னே ஓடி, ஆட்டோவின் பின்புறத்தில் முட்டிய பிறகுதான் நின்றது. முழங்காலில் சிராய்ப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இன்னொரு வண்டியில் பின்னால் வந்துகொண்டிருந்த அண்ணன் ஓடிவந்து தூக்கிவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "கிளட்சைப் பிடிச்சா வண்டி நிக்காதும்மா, இன்னும் ஓடும்."

கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் வைத்திருப்பவர்கள் கியர் வண்டிக்கு மாறும்போது எதைக் கற்க வேண்டும், சட்டம் எதைக் கற்கச் சொல்கிறது, தேர்வு எதைச் சோதிக்கிறது என்று அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். மூன்றும் மூன்று திசையில் நிற்கின்றன. கற்க வேண்டியது நிறுத்துவது. சட்டம் பேசுவது கியரைப் பற்றி. தேர்வு பார்ப்பது எட்டு.

முதலில் வண்டியின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். இன்று தெருவில் ஓடும் ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் போன்ற ஸ்கூட்டர்களில் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கின்றன: வலது கையில் முன் பிரேக், இடது கையில் பின் பிரேக். பாதங்களுக்கு வேலையே கிடையாது. மோட்டார் சைக்கிளில் வலது கை முன் பிரேக்காகவே இருக்க, பின் பிரேக் வலது காலுக்குப் போய்விடுகிறது. இடது காலுக்குக் கியர். இடது கைக்குக் கிளட்ச். அதாவது, பல வருடங்களாக 'பிடித்தால் நிற்கும்' என்று பழகிய அதே இடத்தில், அதே வடிவத்தில், வேறு வேலை செய்யும் ஒரு லீவர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிளட்சைப் பிடித்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டதும் என்ஜின் தானாகவே கொடுக்கும் இழுப்பும் போய்விடும். அண்ணன் சொன்னது அதைத்தான்.

இந்தப் பழக்கத்தை இன்னும் ஆழமாக்கிய ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளுக்கெல்லாம் கூட்டு பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ கட்டாயம். கூட்டு பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடது லீவரை மட்டும் பிடித்தாலே முன் சக்கரமும் சேர்ந்து பிடிபடும். பின் பிரேக்கை மட்டும் மிதித்து வழுக்கி விழுபவர்களை இந்த ஏற்பாடு காப்பாற்றும், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இதனால், முன் பிரேக்கை வேண்டுமென்று ஒருமுறைகூடப் பிடித்துப் பார்க்காமலே பத்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டிவிட முடிகிறது. கனமான ஒரு மோட்டார் சைக்கிளில் வேகத்தைக் கொல்வது பெரும்பாலும் முன் பிரேக்தான். வண்டி நிற்கும்போது எடை முழுவதும் முன்னால் சாய்கிறது, முன் சக்கரம் தரையில் அழுந்துகிறது, பின் சக்கரம் லேசாகி வழுக்கத் தயாராகிறது. ஸ்கூட்டரிலிருந்து வருபவருக்கு இடது கை ஏமாற்றுகிறது, வலது கைக்குப் பழக்கமில்லை, வலது காலுக்குத் தன் வேலையே தெரியாது.

இந்தச் சிக்கல் எங்கள் அப்பா தலைமுறைக்கு இருந்ததில்லை. இதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. அப்பாவிடம் இருந்தது பழைய பஜாஜ் சேட்டக். அதில் இடது கையில் கிளட்ச்; அந்தக் கைப்பிடியையே முறுக்கித்தான் கியர் மாற்ற வேண்டும். பின் பிரேக் வலது காலில். சேட்டக்கிலிருந்து ராஜ்தூத்துக்கு மாறுபவர் கியரைக் கையிலிருந்து காலுக்குக் கொண்டுபோனால் போதும்; நிறுத்தும் விதம் மாறாது. இடது கையில் பிரேக் இருந்தது டிவிஎஸ் 50 போன்ற மொபெட்டுகளில். அவை மெதுவாக ஓடிய சின்ன வண்டிகள். இன்று சேட்டக் என்ற பெயரிலேயே மின்சார ஸ்கூட்டர் வருகிறது. அதில் கிளட்ச்சும் இல்லை, கால் பிரேக்கும் இல்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது அந்தப் பழைய வண்டிகளின் காலத்தில். அதன் 10-ஆம் பிரிவு இருசக்கர வாகனங்களை இரண்டாகத்தான் பிரிக்கிறது: கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள். உரிம அட்டையில் எம்சிடபிள்யூஓஜி, எம்சிடபிள்யூஜி என்று இருப்பவை இவைதான். கியர் இல்லை என்றால் அது மொபெட், சின்ன வண்டி. கியர் இருந்தால் பெரிய வண்டி. அந்தக் காலத்துத் தெருவை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கோடுதான். பதினாறு வயதானவர் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்றும் அந்தச் சட்டமே சொன்னது.

ஆனால் 98 சிசி திறனோடு, கியரே இல்லாமல், பெரிய ஸ்கூட்டரின் உடலோடு கைனடிக் ஹோண்டா ஏற்கெனவே சாலைக்கு வந்திருந்தது. கியர் இல்லாதது என்பதும் சிறியது என்பதும் ஒன்றல்ல என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1994-இல் சட்டத்தைத் திருத்தியபோது, பதினாறு வயதுக்காரர்களுக்கான விலக்கில் 'கியர் இல்லாத' என்ற சொல்லை எடுத்துவிட்டு '50 சிசிக்கு மேற்படாத' என்று போட்டார்கள். வயதுக்கான அளவுகோல் என்ஜின் திறனுக்கு மாறியது. உரிம வகைக்கான அளவுகோல் மட்டும் கியரிலேயே நின்றுவிட்டது. அந்த அரைத் திருத்தத்தில்தான் இன்றைய குழப்பத்தின் வேர் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்தக் கோட்டின் இரு பக்கத்திலும் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். 50 சிசிக்குள் பெட்ரோல் வண்டி இன்று எந்த ஷோரூமிலும் கிடைப்பதில்லை. டிவிஎஸ் 50-இன் வாரிசான எக்ஸ்எல் 100-கூட 99.7 சிசி. பதினாறு வயதில் உரிமம் வாங்கிய பிள்ளை அந்த உரிமத்துக்கேற்ற வண்டி கிடைக்காமல், வீட்டில் இருக்கும் 110 சிசி ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் போகிறது. அது சட்டப்படி உரிமமில்லாமல் ஓட்டுவதுதான். 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு, சிறுவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காமலும் போகும். 'உரிமம்தான் இருக்கிறதே' என்று நம்பி வண்டிச் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் பலருக்கு இது தெரியாது.

மறுபக்கம் இன்னும் அகலம். 97 சிசி ஸ்ப்ளெண்டரில் எட்டுப் போட்டு வாங்கும் உரிமமேதான் 195 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கும், 1340 சிசி சுசுகி ஹயபூசாவுக்கும் செல்லும். நடுவில் படியே கிடையாது. காலையில் தேர்வில் தேறி, மாலையில் ஹயபூசா வாங்க சட்டத்தில் தடையில்லை. வேறு ஒரு சட்டத்துக்கு மட்டும் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 40 சதவீதம். வண்டியின் திறனை அளந்து வரி போட அரசாங்கத்துக்கு முடிகிறது என்றால், அதே திறனை அளந்து ஓட்டுநரைச் சோதிக்கவும் முடியும்.

தேர்வுக்கு வருவோம். கியர் இல்லாத உரிமம் உள்ளவர் கியர் வகையைச் சேர்க்க வேண்டுமானால், அந்த வகைக்கு முதலில் எல்எல்ஆர் என்ற பழகுநர் உரிமம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே உரிமம் இருப்பதால் சாலை விதிகள் பற்றிய முன்தேர்விலிருந்து மத்திய விதி விலக்களிக்கிறது. எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும்; முப்பது நாள் கழிந்த பிறகு ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். அட்டையில் புதிய வகை ஏறிவிடும். காகித வேலை அவ்வளவுதான், அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை.

ஓட்டிக் காட்டும் தேர்வில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-ஆம் விதி நீண்ட பட்டியலே தருகிறது. வண்டியைக் கிளப்பி, ஒவ்வொரு கியராக மேல் கியர் வரை போக வேண்டும். நெரிசலுக்கேற்பக் கியரைக் குறைக்க வேண்டும். இறக்கத்தில் சட்டென்று கீழ்க் கியருக்கு வர வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். முந்தவும் முந்த விடவும் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நன்றாக யோசித்து எழுதிய விதி. இதில் உள்ளபடி ஒருவரைச் சோதித்தால் போதும், புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

நடப்பில் நம் ஊர்களில் இருசக்கர வண்டித் தேர்வு என்றாலே எட்டுப் போடுவதுதான். 'எட்டுப் போட்டாச்சா?' என்று கேட்டால் உரிமம் வாங்கியாயிற்றா என்று பொருள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நம் மக்கள் இன்னும் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால், கால் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் சுற்றிவர வேண்டும். எட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாய்க்காமல் வைத்திருப்பதும், கழுத்தைத் திருப்பிப் போக வேண்டிய இடத்தைப் பார்ப்பதும், பாதி கிளட்சில் வேகத்தை அடக்குவதும் அதில் தெரிந்துவிடும். ஆனால் முதல் கியரிலேயே முழு எட்டையும் போட்டுவிடலாம். கியர் வண்டிக்கான தேர்வில் கியரே மாற்றாமல் தேற முடிகிறது. வேகமாக வந்து நிறுத்திக் காட்டவும் யாரும் கேட்பதில்லை.

கேரளத்தில் இது வெகுதூரம் போயிருந்தது. அங்கே பல ஆண்டுகளாக எட்டுப் போடப் பழக்கத்தில் இருந்த வண்டி பஜாஜ் எம்80. கையில் கியர், குட்டி உடல், எங்கேயும் வளையும். விற்பனை நின்று பல வருடம் ஆன பிறகும் தேர்வு மைதானங்களில் மட்டும் அது உயிரோடு இருந்தது. கையால் கியர் மாற்றும் அந்த வண்டியில் தேறியவருக்குக் காலால் கியர் மாற்றும் எந்த வண்டியையும் ஓட்டும் உரிமம் கிடைத்தது. 2024-இல்தான் கேரளப் போக்குவரத்துத் துறை அதற்கு முற்றுப்புள்ளி வைத்து, காலால் கியர் மாற்றும், 95 சிசிக்குக் குறையாத வண்டியில்தான் தேர்வு என்று சொன்னது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிடமிருந்து கடுமையான எதிர்ப்பு வந்தது. எட்டு மாறவில்லை, எட்டுப் போடும் வண்டி மாறியது. அதுவே பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

மற்ற நாடுகள் இந்தப் படியை எப்படிக் கட்டியிருக்கின்றன? நான் படித்தவற்றில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது ஜப்பான். அங்கே கோடு கியரிலும் உண்டு, திறனிலும் உண்டு. சிறு வண்டிக்கு ஒன்று, 125 சிசி வரை ஒன்று, 400 சிசி வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டுமான இருசக்கர உரிமத்தை 2005-இல் தனியாகப் பிரித்தார்கள். 1975-இலிருந்து 1996 வரை 400 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு உரிமம் வேண்டுமானால் பயிற்சிப் பள்ளி வழியே போக முடியாது. அரசின் தேர்வு மையத்தில் நேரடியாக ஓட்டிக் காட்ட வேண்டும். பலர் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். அதன் விளைவாக ஜப்பான் நிறுவனங்கள் 400 சிசி வண்டிகளைப் போட்டி போட்டுச் செதுக்கின. ஒரு நாட்டு உரிமச் சட்டம் அந்த நாட்டு வண்டிகளின் அளவையே தீர்மானித்தது. 1996-க்குப் பிறகு பெரிய வண்டியையும் பள்ளியில் கற்கலாம். 400 சிசி உரிமம் கையில் இருப்பவர் பெரிய உரிமத்துக்குப் போக, மைதானத்தில் பன்னிரண்டு பாடவேளை ஓட்டினால்தான் தேர்வு.

அந்தத் தேர்வில் இரண்டு அம்சங்களைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, ஒற்றைப் பாலம். பதினைந்து மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள தாழ்ந்த மேடை. அதன்மேல் விழாமல் போக வேண்டும், அதுவும் மெதுவாக. 400 சிசி உரிமத்துக்கு ஏழு விநாடிக்குக் குறையக் கூடாது, பெரிய உரிமத்துக்குப் பத்து விநாடி. எவ்வளவு கனமான வண்டியோ அவ்வளவு நிதானம் கேட்கிறார்கள். இரண்டாவது, அவசர நிறுத்தம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, குறிப்பிட்ட இடத்திலிருந்து உலர்ந்த தரையில் பதினொரு மீட்டருக்குள் நிற்க வேண்டும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அது நடக்காது. பள்ளிகளில் முதல் நாளே கீழே சாய்த்துப் போட்ட வண்டியைத் தனியாக நிமிர்த்தச் சொல்வார்கள். கால் ஊன்றத் தடுமாறி வண்டி சாய்வது எல்லோருக்கும் நடக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கும் பாடம் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் வண்டி சாய்ந்தால் நாலு பேர் ஓடிவந்து தூக்குவார்கள். அந்த அன்புக்கு நான் நன்றி உள்ளவள். ஆனாலும் முதுகு வளையாமல், கால்களின் பலத்தால் அதை நிமிர்த்தும் வித்தையை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜனவரி 19 முதல் படிகளை ஒரே மாதிரியாக்கியது. 125 சிசி, 11 கிலோவாட் வரை ஏ1. 35 கிலோவாட் வரை ஏ2. அதற்கு மேல் ஏ. ஏ2-இல் இரண்டாண்டு ஓட்டியவர் அடுத்த படிக்குத் தேர்வோ குறைந்தது ஏழு மணி நேரப் பயிற்சியோ முடித்து ஏறலாம். படி ஏறாமல் நேரே பெரிய வண்டிக்கு வருபவர் 24 வயது வரை காத்திருக்க வேண்டும். சிசியோடு நில்லாமல், எடைக்கு எவ்வளவு சக்தி என்ற விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பது இந்த முறையின் நுட்பம். பிரிட்டனின் தேர்வில் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் அவசர நிறுத்தமும், அதே வேகத்தில் தடையை விலகிப் போவதும் உண்டு.

சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்களுக்கு 'டூ பி' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 200 சிசி வரை 2பி, 400 வரை 2ஏ, அதற்கு மேல் 2. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஓராண்டு இருந்த பிறகே அடுத்தது. இலங்கையில் 100 சிசி வரை ஏ1, அதற்கு மேல் ஏ. அங்கேயும் கோடு திறனில்தான்.

படிகள் வைத்தால் உயிர்ச்சேதம் குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவா? இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2010-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வுகளின் தரம் இல்லை என்றது. கட்டாயப் பயிற்சி வைத்தால் சிலர் உரிமமே வாங்காமல் பின்வாங்குகிறார்கள், அதனாலும் எண்ணிக்கை குறையலாம் என்ற ஐயத்தையும் எழுப்பியது. ஆகவே, நாளைக்கே சிங்கப்பூர் படிகளைக் கொண்டுவந்தால் நம் சாலை மாறிவிடும் என்று நான் வாதாட வரவில்லை.

எனக்குப் பயன்பட்டது அதைவிடப் பழைய ஆய்வு. அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியின் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, வீட்டார், நண்பர் சொல்லியோ ஓட்டக் கற்றவர்கள். கடைசி நொடியில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சக்கரத்தை வழுக்க விட்டார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை. இன்னொரு கண்டுபிடிப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்களின் சாலை அனுபவம் சராசரியாக மூன்று வருடத்தை ஒட்டி இருந்தது. ஆனால் விபத்து நடந்த அந்தக் குறிப்பிட்ட வண்டியில் பாதிக்கு மேற்பட்டோரின் அனுபவம் ஐந்து மாதத்துக்கும் குறைவு. ஓட்டத் தெரிந்தவர்கள்தான். அந்த வண்டி அவர்களுக்குப் புதிது.

ஸ்கூட்டரிலிருந்து பைக்குக்கு மாறும் ஒவ்வொருவரும் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். சாலை தெரியும், லாரி எங்கே வளையும் என்று தெரியும், சிக்னலில் எங்கே நுழையலாம் என்று தெரியும். அந்தத் தெளிவு கொடுக்கும் தைரியத்தோடு, கைகால் இன்னும் பழகாத வண்டியில் அதே வேகத்தில் போகிறோம். ஒன்றுமே தெரியாதவர் பயந்து பயந்து ஓட்டுவார். பாதி தெரிந்தவர்தான் எல்லாம் தெரிந்தவர்போல் ஓட்டுவார். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

உரிமத்தைப் பற்றிப் பேசும்போது காப்பீட்டையும் பேச வேண்டும். 'ஸ்கூட்டி லைசென்ஸ் இருக்கு, பைக்கும் ஓட்டத் தெரியும், போதாதா?' என்று கேட்பவர்கள் என் தோழிகளிலேயே பலர். போதாது. சட்டத்தின் 3-ஆம் பிரிவு கேட்பது, அந்த வண்டியை ஓட்ட அனுமதிக்கும் செல்லுபடியான உரிமத்தை. வேறு வகை உரிமத்தோடு ஓட்டினால் அது உரிமம் இல்லாததற்குச் சமம்; 2019-க்குப் பிறகு அபராதம் 5,000 ரூபாய். மற்றவருக்கு அடிபட்டால் என்ன ஆகும்? 2004-இல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் இதைப் பற்றி விரிவாகப் பேசியது. ஒரு வகைக்கு உரிமம் வைத்துக்கொண்டு இன்னொரு வகையை ஓட்டியவர் விஷயத்திலும், அந்தக் குறையே விபத்துக்குக் காரணமா என்று பார்க்க வேண்டும், அடிபட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அதன் போக்கு. காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு அது நியாயம். ஆனால் வசூலிக்க வரும்போது நம் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

அதைவிட வலிக்கும் இடம் ஒன்று உண்டு. வண்டி உரிமையாளரே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்பீடு 2018-இலிருந்து 15 லட்சம் ரூபாய். அதற்கு உரிமையாளரிடம் செல்லுபடியான உரிமம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தவறான வகை உரிமத்தோடு போய் விழுந்தால், பிள்ளைகளின் படிப்புக்கு ஆகியிருக்க வேண்டிய பணம் வழக்கில் சிக்கும். கியர் வகையைச் சேர்க்கச் செலவாகும் ஒரு நாளையும் சில நூறு ரூபாயையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கியர் இல்லாத உரிமம் என்பது பெரும்பாலும் பெண்களின் உரிமமாகிவிட்டது. ஸ்கூட்டி நமக்குக் கொடுத்த விடுதலையை நான் மறக்க மாட்டேன். 2018-இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தது. கொடுத்தது கியர் இல்லாத வண்டிக்கு, 125 சிசிக்குள். அந்த வரம்பில் தவறில்லை. ஆனால் பெண்ணுக்கு இதுவே போதும் என்று வீடும் பயிற்சிப் பள்ளியும் முடிவு கட்டிவிடுகின்றன. நான் கேட்டுப் பார்த்த பயிற்சிப் பள்ளி ஒன்றில், "உங்களுக்கு எதுக்குங்க கியர் வண்டி?" என்று அன்பாகவே கேட்டார்கள். வீட்டில் நிற்பது கணவரின் பைக், இரவில் மாமனாருக்கு நெஞ்சுவலி, கணவர் வெளியூரில். அப்போது எதற்கு என்று தெரியும். இந்தக் காரணமும்கூடத் தேவையில்லை. ஓட்ட ஆசையாக இருக்கிறது என்பதே போதுமான காரணம்.

மின்சார வண்டிகள் வந்து பழைய கோட்டை மேலும் கலைத்துவிட்டன. அவற்றுக்குக் கியர் பெட்டி தேவையில்லை. பெங்களூரில் தயாராகும் அல்ட்ராவயலெட் எஃப்77 முழுமையான மோட்டார் சைக்கிள். வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடும். சட்டத்தின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் அது கியர் இல்லாத வண்டி. ஸ்கூட்டி உரிமத்தில் அடங்கிவிடும். சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் மின்சார வண்டிகளைக் கிலோவாட்டால் அளந்து படிகளில் சேர்த்துவிட்டார்கள். ஜப்பானில் மாசு விதிகளால் 50 சிசி வண்டிகளைத் தயாரிப்பதே முடியாமல் போனபோது, 2025 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான என்ஜினையும் சக்தியை 4 கிலோவாட்டுக்குள் கட்டுப்படுத்தினால் பழைய சிறு உரிமத்திலேயே ஓட்டலாம் என்று மாற்றினார்கள். வண்டி மாறும்போது கோட்டையும் நகர்த்த முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. இங்கேயும் 10-ஆம் பிரிவில் கியர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிலோவாட் வரம்பைச் சேர்த்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதிக்கு, 15-ஆம் விதியில் ஏற்கெனவே எழுதியிருக்கும் அவசர நிறுத்தத்தை மைதானத்தில் செய்யச் சொன்னால் போதும். அதற்கு ஐம்பது மீட்டர் நேர்ச்சாலையும் சுண்ணாம்புக் கோடு ஒன்றும்தான் வேண்டும்.

சட்டம் மாறும் வரை, எல்எல்ஆரின் முப்பது நாள் நம் கையில் இருக்கிறது. ஆட்டோவில் முட்டிய மறுநாளிலிருந்து அண்ணன் என்னைச் சாலைக்கே விடவில்லை. ஞாயிறு காலைகளில் வெறிச்சோடிக் கிடக்கும் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனார். கியரைப் பற்றி அவர் கவலையே படவில்லை. இரண்டாவது கியரிலேயே ஓட்டு என்றார். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, அங்கே வந்ததும் நிற்க வேண்டும். முதலில் காலால் மட்டும். பிறகு வலது கையால் மட்டும், சட்டென்று இழுக்காமல், ஈரத் துணியைப் பிழிவதுபோல் மெல்ல ஆரம்பித்து இறுக்கி. பிறகு இரண்டும் சேர்த்து. கிளட்சை வண்டி கிட்டத்தட்ட நிற்கும்போதுதான் தொட வேண்டும். அதற்கு முன் தொட்டால், "கையை விடும்மா, கையை விடு" என்று தூரத்திலிருந்தே குரல் வரும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். இருபதில் வந்து நின்ற இடத்தையும் நாற்பதில் வந்து நின்ற இடத்தையும் காலால் அளந்து நடந்தபோதுதான் அது உடம்பில் ஏறியது. மூன்று ஞாயிறுகள். ஏறக்குறைய இருநூறு முறை நின்றிருப்பேன். எட்டை அதற்குப் பிறகு ஒரே மாலையில் கற்றுக்கொண்டேன்.

உரிமத்தில் இரண்டு வகையும் ஏறி இப்போது நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் ஸ்கூட்டியும் இருக்கிறது, பைக்கும் இருக்கிறது. வாரம் முழுவதும் பைக் ஓட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தால், முதல் திருப்பத்தில் வலது கால் தரைப்பலகையை அழுத்துகிறது. அங்கே பிரேக் இல்லை. அதனால் எந்த வண்டியை எடுத்தாலும், எங்கள் தெருமுனை வேப்பமரத்துக்கு முன்னால் இரண்டு முறை முழுதாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் பெரிய சாலைக்குப் போகிறேன்.